களிம்புக்கு முன்னால் ஒரு பயாப்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் புற்றுநோய்க்குக் கத்தி வைக்காமலேயே சிகிச்சை வந்துவிட்டது என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் தோல் நோய் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் நாளிதழ்கள் அதிகம் தொடாத ஒரு நோயைப் பற்றி எழுத முன்வந்ததற்கு முதலில் என் நன்றி. கட்டுரையில் சொல்லப்பட்ட களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரை, நோய் எதிர்ப்பாற்றல் ஊசி எல்லாமே உண்மையில் இருப்பவைதாம். ஆனால் எந்தப் புற்றுக்கு எது பொருந்தும் என்பதும், அதைத் தீர்மானிக்க முதலில் பயாப்சி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் சோதனை, செய்தாக வேண்டும் என்பதும் அதில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் நேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபின்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரை வெளிவந்த சில வாரங்களில், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் தம் பேரனுடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மூக்குத்தித் துளைக்குச் சற்று மேலே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக ஒரு தடிப்பு. ஏழெட்டு ஆண்டுகளாக அதை மச்சம் என்றே நினைத்திருக்கிறார். இடையில் உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து ஈர்க்குச்சியால் தொட்டு வைத்துப் பொசுக்கியிருக்கிறார். பொருக்கு உதிர்ந்து, ஆறியதுபோல் இருந்து, மறுபடி வளர்ந்திருக்கிறது. இப்போது கட்டுரையைப் படித்த பேரன் மருந்துக் கடையில் இமிக்விமோட் களிம்புப் பொட்டலங்களை மருத்துவர் சீட்டு இல்லாமலேயே வாங்கி வந்து, மூன்று வாரமாகத் தடவச் சொல்லியிருக்கிறான். மூக்கு சிவந்து, தோலுரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. “பேப்பர்லயே போட்டிருக்காங்களே டாக்டர், தடவினாப் போயிடும்னு” என்றார் அந்த அம்மையார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அச்சில் வந்ததை நம்பிப் பழகிய ஒரு தலைமுறையின் எளிய நம்பிக்கைதான் இருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்க்கச் சொல்லிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். சிவப்புக்கும் பொருக்குக்கும் அப்பால், தடிப்பின் விளிம்பு மட்டும் முத்துப்போல் மினுங்கியது. அதன்மேல் நூலிழை போன்ற இரத்த நாளங்கள் ஓடின. இது பேசல் செல் கார்சினோமா எனப்படும் அடித்தளச் செல் புற்றாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைத் தோலில் இந்தப் புற்று இளஞ்சிவப்பாக, மெழுகு பூசினாற்போல் இருக்கும். மருத்துவ நூல்களில் உள்ள படங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். நம் தோலில் இது பெரும்பாலும் கறுப்பேறி, மச்சத்தைப் போலவும் பாலுண்ணியைப் போலவும் வேடம் போடும். அதனால்தான் நம்மவர்கள் அதைப் பொசுக்குகிறார்கள், நூல் கட்டி அறுக்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பரவலாகக் காணப்படும் தோல் புற்றுகள் இரண்டு. ஒன்று மேற்சொன்ன அடித்தளச் செல் புற்று. மற்றொன்று ஸ்குவாமஸ் செல் கார்சினோமா எனப்படும் செதிள் செல் புற்று. முதலாவது மெல்ல வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவிட்டால் மூக்கையும் இமையையும் காதையும் அரித்துத் தின்றுவிடும். இரண்டாவது நெறி கட்டி உள்ளேயும் பரவக்கூடியது. மெலனோமா என்ற மூன்றாவது வகை இவ்விரண்டினும் கொடியது. அதன் கதை வேறு, இங்கே அதைத் தொடவில்லை.

களிம்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இமிக்விமோட் புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தோலில் காவல் காக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை அது தட்டி எழுப்ப, அவை திரண்டு வந்து புற்றைத் தாக்குகின்றன. தடவிய இடம் சிவந்து புண்ணாவது அந்தப் போரின் அடையாளம். மேலோட்டமாகப் பரவும் அடித்தளச் செல் புற்றுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் ஒப்புதல் அளித்தது. வாரத்துக்கு ஐந்து இரவுகள் வீதம் ஆறு வாரம் தடவ வேண்டும். இது எவ்வளவு பலன் தரும் என்று பிரிட்டனில் 501 நோயாளிகளிடம் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களில் 97.7 விழுக்காட்டினருக்கும், களிம்பு தடவியவர்களில் 82.5 விழுக்காட்டினருக்கும் நோய் தீர்ந்திருந்தது. முகத்தின் ஆபத்தான பகுதிகளான மூக்கு, காது, இமை ஆகியவற்றில் புற்று இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். அதாவது அந்த அம்மையாரின் மூக்கு, களிம்பு நன்றாக வேலை செய்யும் என்று நிறுவப்பட்ட இடமே இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், களிம்பின் மிகப் பெரிய ஆபத்து அது தோற்கும்போது சத்தமில்லாமல் தோற்பதுதான். மேற்தோல் அழகாக ஆறிவிடும். ஆழத்தில் எஞ்சிய வேர்கள் அந்த வடுவுக்கு அடியில் பக்கவாட்டில் பரவிக்கொண்டிருக்கும். மறுபடி தெரியவரும்போது, முதலில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருக்கக்கூடிய அறுவை, கன்னத்துத் தோலைத் திருப்பி மூட வேண்டிய அறுவையாகிவிடும்.

இதை நானே ஒரு தவறின் மூலம் கற்றேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், காதுக்கு முன்னால் சிறு தடிப்புடன் வந்த ஒரு விவசாயிக்கு, இது சாதாரண மருதான் என்று பார்வையிலேயே முடிவுகட்டி, மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனை வைத்து உறையச் செய்து அனுப்பிவிட்டேன். அன்று வெளிநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றிருந்தது. பயாப்சிக்குச் சீட்டு எழுதினால் அவர் இன்னொரு நாள் பஸ் ஏறி வர வேண்டுமே என்றும் நினைத்தேன். இரண்டு ஆண்டு கழித்து அவர் திரும்பி வந்தபோது அது செதிள் செல் புற்றாகத் தாடையோரம் இறங்கி, கழுத்தில் நெறியும் கட்டியிருந்தது. அவரை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சந்தேகத்துக்குரிய எந்தத் தடிப்பையும் பயாப்சி இல்லாமல் நான் தொட்டதில்லை.

பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் நடுங்குகிறார்கள். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. இந்த இரண்டு புற்றுகளையும் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு இடமில்லை. மரத்துப்போக ஓர் ஊசி, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழல் கருவியால் ஒரு துணுக்குச் சதை, ஒரு தையல், துணுக்கைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவச் சீசா. பத்து நிமிடத்தில் எழுந்து நடந்து போகலாம். அந்தத் துணுக்கை நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்துச் சொல்லும் இரண்டு வரிகளில்தான் புற்று எந்த வகை, மேலோட்டமானதா, முடிச்சாகத் திரண்டதா, வேர்விட்டு ஊடுருவியதா, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் இருக்கும். களிம்பா, ஒளியா, கதிரா, கத்தியா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது.

ஒளிச் சிகிச்சையும் அப்படித்தான். போட்டோடைனமிக் சிகிச்சை எனப்படும் இம்முறையில், புற்றின்மீது ஒரு களிம்பைப் பூசி மூன்று மணி நேரம் மூடி வைக்கிறார்கள். அதற்குள் புற்றுச் செல்கள் அந்த மருந்தை ஒளிக்குக் கூசும் ஒரு நிறமியாக மாற்றிக்கொள்கின்றன. பிறகு சிவப்பு ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்ச, அந்நிறமி பற்றவைத்தாற்போல் வினைபுரிந்து, தான் குடியிருக்கும் செல்லையே அழிக்கிறது. மருந்தையும் ஒளியையும் சேர்த்துத் தோலுக்கு வைத்தியம் செய்யும் எண்ணம் நமக்குப் புதிதும் இல்லை. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி பூசி வெயிலில் நிற்கச் சொல்வது நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த முறை. ஒளிச் சிகிச்சையில் வடு மிகக் குறைவு, ஆனால் ஒளி பாயும்போது நெருப்பு சுடுவது போன்ற வலி உண்டு, ஒளி இறங்கும் ஆழமும் மிகக் கொஞ்சம். நெதர்லாந்தில் மேலோட்டமான அடித்தளச் செல் புற்றுடைய 601 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டு முடிவில் புற்று மீளாதவர்கள் இமிக்விமோட் தடவியவர்களில் 80.5 விழுக்காடு, ஃப்ளூரோயுராசில் என்ற மற்றொரு களிம்பைத் தடவியவர்களில் 70 விழுக்காடு, ஒளிச் சிகிச்சை பெற்றவர்களில் 62.7 விழுக்காடு. இயந்திரம் பெரிது என்பதால் பலனும் பெரிது என்று நம்பிவிடக்கூடாது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பழையதுதான். நம் மக்கள் அதைக் “கரண்ட் வைப்பது” என்பார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள், இதயம் பலவீனமானவர்கள், மயக்க மருந்தைத் தாங்க மாட்டாதவர்கள் ஆகியோருக்கு இது இன்றும் நல்ல வழி. முகத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட அடித்தளச் செல் புற்றுடைய 347 பேரிடம் பிரான்சில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டுக்குள் புற்று மீண்டவர்கள் அறுவையில் 0.7 விழுக்காடு, கதிர்வீச்சில் 7.5 விழுக்காடு, காலம் செல்லச் செல்லக் கதிர்பட்ட தோல் வெளிறிச் சுருங்குவதும் உண்டு. இளவயதினருக்கு இதைத் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிறவிக் கோளாறு ஒன்றால் இந்தப் புற்றுகள் நூற்றுக்கணக்கில்கூட முளைக்கும் கார்லின் நோய்க்குறி உள்ளவர்களுக்குக் கதிர் வைத்தால், கதிர்பட்ட இடத்தில் புதிய புற்றுகள் முளைக்கக்கூடும்.

மாத்திரையின் கதை அதிசயமானது. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடு மேய்ப்பவர்களின் மந்தைகளில், நெற்றியில் ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் பிறந்தன. கார்ன் லில்லி என்ற மலைச் செடியைச் சினையாடுகள் கருவுற்ற 14ஆம் நாள் வாக்கில் மேய்ந்ததே காரணம் என்று கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அச்செடியிலுள்ள நஞ்சு, கரு உருவாகும்போது உறுப்புகளை வகுத்துக் கொடுக்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற செய்தித் தொடரை நிறுத்திவிடுகிறது. அதே தொடர் வளர்ந்த மனிதரின் தோலில் தவறிப்போய் விழித்துக்கொண்டால்தான் அடித்தளச் செல் புற்று உண்டாகிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்தத் தொடரை நிறுத்தும் விஸ்மோடெகிப் என்ற மருந்து 2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சோனிடெகிப் 2015இல் வந்தது. அறுவை செய்ய இயலாத அளவு முற்றிய அடித்தளச் செல் புற்றுக்கு மட்டுமே இவை உரியவை. தசைப்பிடிப்பு, நாக்கில் சுவை அற்றுப்போதல், முடி கொட்டுதல் ஆகியவற்றைத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்துவோர் பலர். ஒற்றைக் கண் குட்டிகளை நினைத்துப் பார்த்தால், கருவுற்ற பெண்ணுக்கு இதை ஏன் கண்ணிலும் காட்டக்கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

என் பணிக்காலத்தின் கடைசியில் வந்து, என்னை உண்மையாகவே வியக்க வைத்தது நோய் எதிர்ப்பாற்றல் ஊசிதான். நம் காவல் செல்களின் மேற்பரப்பில் உள்ள பிடி-1 என்ற தடைக்கட்டையை ஜப்பானின் கியோட்டோவில் தாசுகு ஹோன்ஜோவின் குழு 1992இல் கண்டறிந்தது. 2018இல் அவருக்கும், இதே துறையில் உழைத்த அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தடையை விலக்கும் செமிப்ளிமாப் ஊசி, முற்றிய செதிள் செல் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் அதே 2018இல்தான். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய அறுவை தேவைப்பட்ட 79 பேருக்கு முதலில் இந்த ஊசியை நான்கு தவணைவரை கொடுத்துவிட்டு, அதன்பின் அறுவை செய்தார்கள். அகற்றிய சதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 51 விழுக்காட்டினரின் சதையில் உயிருள்ள ஒரு புற்றுச் செல்லும் இல்லை. ஒரு கண்ணையோ, ஒரு காதையோ, முகத்தின் பாதியையோ இழந்துதான் உயிர் பிழைக்க வேண்டும் என்று நாங்கள் கைபிசைந்து சொல்லிவந்த நோயாளிகளின் முகங்கள் என் முன்னால் வந்துபோயின. இந்த ஊசிகளின் விலை நம் நாட்டில் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது வேதனை. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவர்களுக்குச் செதிள் செல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; ஆனால் இந்த ஊசி தூண்டிவிடும் காவல் செல்கள், பொருத்திய சிறுநீரகத்தையே அந்நியனாகக் கருதி அழித்துவிடக்கூடும்.

தங்கள் கட்டுரையில் வந்த படங்கள் கடற்கரையில் வெயில் காயும் மேல்நாட்டவருடையவை. நம் ஊரில் நான் பார்த்த செதிள் செல் புற்றுகளில் பல, வெயிலால் வந்தவை அல்ல. அடுப்பங்கரையில் சேலை தீப்பிடித்து வெந்து பிழைத்த பெண்களுக்கு, இருபது முப்பது ஆண்டு கழித்து அந்தத் தழும்பிலேயே ஆறாத புண்ணாகத் தொடங்கி வந்தவை. தொழுநோய் குணமான பின்னும் உணர்ச்சி திரும்பாத உள்ளங்காலில், ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த குழிப்புண்ணில் காலிபிளவர்போல் பூத்து வந்தவை. இவற்றுக்குக் களிம்பும் ஒளியும் துளியும் உதவா. சீக்கிரம் கண்டுபிடித்தால் அளவான அறுவையோடு முடியும், தாமதித்தால் காலையே எடுக்க நேரும். மறுபக்கம், நிறமி இல்லாமல் பிறக்கும் அல்பினிசம் உள்ளவர்களும், நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும், வெயில் பட்டாலே தோல் பழுதாகும் சீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். பத்து வயதுக்குள் முகத்தில் ஐந்தாறு முறை அறுவை கண்ட ஒரு சிறுமியை நான் அறிவேன். புற்றாகும் முன்நிலையிலேயே களிம்பைத் தடவி, ஒவ்வொரு கத்தியையும் தள்ளிப்போடுவது அவளைப் போன்றவர்களுக்குப் பெரும் வரம். இந்தப் புதிய சிகிச்சைகள் யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால் அவர்களையே சொல்வேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, பயாப்சி இல்லாமல் எந்தக் களிம்பையும் தொடக்கூடாது என்ற செய்தியை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். நான்கு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் மச்சம், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகக் கிளம்பும் தடிப்பு ஆகிய மூன்றையும் நம் தோல் நிறத்தில் எடுத்த படங்களோடு காட்டுங்கள். மருந்துக் கடைக்காரர்கள் இமிக்விமோட், ஃப்ளூரோயுராசில் களிம்புகளைச் சீட்டில்லாமல் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். அரசுக்கு ஒன்று சொல்வேன்: பயாப்சி எடுக்கும் கருவியும் முறையும் எளியவை, அதை வட்டார மருத்துவமனைகளிலேயே எடுத்து, சீசாவை மட்டும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால், என் விவசாயி இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டியிருந்திருக்காது.

தலைமையாசிரியை அம்மையாரின் களிம்பை அன்றே நிறுத்தச் சொல்லி, புண் ஆறியதும் பயாப்சிக்கு அனுப்பினேன். முடிச்சாகத் திரண்டு, ஓரங்களில் ஊடுருவத் தொடங்கிய அடித்தளச் செல் புற்று என்று முடிவு வந்தது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு அறுவை நடந்தது. கன்னத்தின் மடிப்பிலிருந்து தோலைத் திருப்பி மூடினார்கள். தையல் பிரித்த அன்று அவர் முதலில் கேட்டது மூக்குத்தி போடலாமா என்பதைத்தான். உடல் முழுவதையும் பார்த்தபோது, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே அவரே அறியாத ஒரு செதில் படர்ந்த தடம் இருந்தது. அதிலும் பயாப்சி எடுத்தோம். அது மேலோட்டமான வகை என்று வந்ததால், மூக்கில் தடவக்கூடாத அதே இமிக்விமோட்டை அங்கே தடவ இப்போது சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை இரவில் பேரன் தடவிவிடுகிறான், காலையில் கழுவிவிட்டுத் தினசரிக் காலண்டர் தாளில் அவர் ஒரு கோடு போடுகிறார். சனி, ஞாயிறு விடுமுறை, பள்ளிக்கூடம் மாதிரியே என்று என்னிடம் சொன்னார். நேற்றோடு நான்காவது வாரம் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோல் நோய் மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.